செத்தானா, பிழைத்தானா?

பகடைச் சண்டையில் ஒரு சட்டத் தகராறு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் 3 மணி இருக்கும். சயான் கோலிவாடாவில் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண் அயர்ந்திருந்தேன். உள் அறையில் திடீரென்று கூச்சல்.

"செத்துட்டான்!"

"சாகலை! இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு!"

பதறிப் போய் எழுந்து ஓடினேன். தரையில் ஐந்து பையன்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கட்டம் போட்ட காகிதம். அதன் மேல் கேரம் காய்கள். பக்கத்தில் பல நிறங்களில் பகடைகள். எதிர் வீட்டு மராத்திப் பையன் மட்டும் ஒரு தாளைக் கையில் இறுகப் பிடித்தபடி கண் கலங்கியிருந்தான்.

செத்துப் போனதாகச் சொல்லப்பட்டவன் அந்தத் தாளில் இருந்தான்! அவன் ஒரு கற்பனை வீரன். 14 மாதமாக ஞாயிறுதோறும் அந்தப் பையன் வளர்த்து வந்த வீரன்.

என்னைப் பார்த்ததும் அண்ணன் மகன், "சித்தப்பா, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க. ரயில்வேயில் நாள் பூரா ரூல் புக்கோட இருக்கிறவர்தானே நீங்க!" என்றான்.

வழக்கு என் மடியில் வந்து விழுந்தது. இந்தக் கட்டுரையும் அங்கேதான் தொடங்கியது.

என்ன விளையாட்டு இது?

விளையாட்டின் பெயர் "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்". பாதாளச் சிறைகளும் பறக்கும் நாகங்களும் என்று வைத்துக் கொள்ளலாம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் பிறந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கினார்கள். 1974-ல் மூன்று சிறிய புத்தகங்களாக, ஒரு பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். விலை 10 டாலர். முதலில் அச்சிட்டது 1,000 பெட்டிகள்தான்.

ஆட்டம் எளிது. ஒருவர் கதை சொல்வார். அவரே நடுவர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, வைத்தியனாகவோ இருப்பார்கள். "குகை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே சத்தம் கேட்கிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று நடுவர் கேட்பார். அவர்கள் சொல்வார்கள். முடிவு தெரியாத காரியம் என்றால் பகடை பேசும்.

நம் வீட்டுப் பாட்டிகள் சொன்ன கதைதான். ஆனால் கதைக்குள் இருக்கிற ராஜகுமாரன், "பாட்டி, நான் அந்தப் பக்கம் போக மாட்டேன்" என்று சொல்ல இதில் உரிமை உண்டு!

வெட்டு விழுந்ததா?

கதை சுமுகமாகப் போகும் வரை விதிப் புத்தகம் மூடியே இருக்கும். வாளை உருவினால் திறந்துவிடும். காரணம், சண்டையில்தான் உயிர் போகும்.

வெட்டும் முறை இதுதான்: 20 முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணோடு வெட்டுகிறவனின் திறமை எண்ணைக் கூட்ட வேண்டும். எதிரியின் கவச எண்ணை அது எட்டினால் வெட்டு விழுந்தது. எட்டாவிட்டால் வாள் காற்றைத்தான் வெட்டியது.

ஒரு கணக்குப் பார்ப்போம். வீரன் சங்கிலிக் கவசம் போட்டிருக்கிறான். கவச எண் 16. எதிரி கோப்ளின் என்ற குட்டிப் பூதம். 2014-ம் ஆண்டுப் பதிப்பில் அதன் திறமை எண் 4. ஆகவே பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். நூற்றுக்கு 45 வாய்ப்பு.

அதே வீரன் மயங்கி விழுந்து கிடக்கிறான், கோப்ளின் பக்கத்தில் நிற்கிறது என்றால் இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 70 ஆகிவிடும்.

வெட்டு விழுந்தால் உயிர்ப் புள்ளி குறையும். புள்ளி பூஜ்யம் ஆனால்? தகராறு பிறந்த இடம் அதுதான்.

வழக்கின் விவரம்

பூஜ்யம் ஆனதும் வீரன் மயங்கி விழுவான். பொதுவாக உடனே சாவதில்லை. ஒவ்வொரு முறையும் தன் வாய்ப்பு வரும்போது 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு வெற்றி. அதற்குக் கீழே போனால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் தங்கும். மூன்று தோல்வி சேர்ந்தால் சாவு. பையன்கள் இதைச் "சாவுப் பகடை" என்கிறார்கள்.

நம் மராத்திப் பையனின் வீரன் விழுந்து கிடந்தான். ஏற்கனவே ஒரு தோல்வி ஆகியிருந்தது. அப்போது கோப்ளின் அருகில் வந்து மேலும் ஒரு வெட்டு வெட்டியது. வெட்டு விழுந்தது.

கிடப்பவன் மேல் அடி விழுந்தால் ஒரு தோல்வி என்பது விதி. ஒன்றும் ஒன்றும் இரண்டு. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்பது பையனின் வாதம். புத்தகத்தைத் திறந்து பக்கத்தையும் காட்டினான்.

நடுவராக இருந்த அண்ணன் மகன் அதே பத்தியின் அடுத்த வரியில் விரலை வைத்தான். அடி "கிரிட்டிக்கல்" அடியாக இருந்தால், அதாவது படுகாயம் உண்டாக்கும் அடியாக இருந்தால், இரண்டு தோல்வி என்று அதில் இருந்தது.

"20 விழுந்தால்தானே கிரிட்டிக்கல்? 20 விழவே இல்லையே!" என்றான் பையன்.

நடுவர் புத்தகத்தின் கடைசிப் பகுதிக்குப் போனான். மயக்கம் என்றால் என்ன என்று அங்கே தனியாக விளக்கியிருந்தது. மயங்கிக் கிடப்பவனை 5 அடிக்குள் நின்று தாக்கி, அடி பட்டுவிட்டால், பகடையில் என்ன விழுந்திருந்தாலும் அது கிரிட்டிக்கல்தான்!

இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படித்தால் ஒன்றும் இரண்டும் மூன்று. வீரன் செத்தான்.

பையன் காட்டிய வரி பொய்யில்லை. நடுவர் காட்டிய வரியும் பொய்யில்லை. ஒரு விதி முன்னே இருந்தது, இன்னொன்று பின்னே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓர் உயிர் மாட்டிக்கொண்டது!

50 ஆண்டு வழக்கு

அன்று நான் அந்த இரண்டு பக்கங்களைத்தான் படித்தேன். அதன் பிறகு புத்தகத்தை இரவல் வாங்கி, இரண்டு வாரம் லோக்கல் ரயிலில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். பழைய பதிப்புகளைப் பற்றியும் விசாரித்தேன். "செத்தானா, பிழைத்தானா" என்ற கேள்வி இந்த விளையாட்டில் 50 ஆண்டாக நடக்கிற வழக்கு என்று தெரிந்தது.

1974-ல் பேச்சே இல்லை. புள்ளி பூஜ்யமானால் சாவு.

1979-ல் வந்த நடுவர் நூலில் கைகாக்ஸ் சற்று இரங்கினார். பூஜ்யத்தில் மயக்கம். பிறகு சுற்றுக்கு ஒரு புள்ளியாக ரத்தம் போகும். கழித்தல் 10-க்குப் போனால் சாவு. அதற்குள் யாராவது கட்டுப் போட்டால் பிழைப்பான்.

2000-ம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பிலும் கழித்தல் 10 சாவுதான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ரத்தம் தானே நிற்க நூற்றுக்கு 10 வாய்ப்புக் கொடுத்தார்கள்.

2008-ல் நான்காம் பதிப்பு சாவுப் பகடையைக் கொண்டு வந்தது. 2014-ல் ஐந்தாம் பதிப்பு, மேலே சொன்ன மூன்று வெற்றி, மூன்று தோல்விக் கணக்கை வகுத்தது. 2024-ல் திருத்தி வெளியிட்டபோதும், கிடப்பவனை அருகிலிருந்து அடித்தால் இரண்டு தோல்வி என்பதை மாற்றவில்லை.

தொடக்கத்திலிருந்தே விளக்கம் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. முதல் புத்தகங்களில் சண்டைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, "செயின்மெயில்" என்ற 1971-ம் ஆண்டுப் போர் விளையாட்டு நூலைப் பார்க்கச் சொன்ன வழி. மற்றொன்று, 20 முகப் பகடை வழி. எதைப் பின்பற்றுவது என்று ஜனங்கள் குழம்பினார்கள். 1975-ல் நிறுவனத்தின் சொந்தப் பத்திரிகையில், ஆளுக்கு ஆள் சண்டை என்றால் பகடை வழியே சரி என்று விளக்கம் வந்தது. 1979-ல் "டிராகன்" மாத இதழில் விதிகளுக்கென்றே ஒரு கேள்வி-பதில் பகுதி தொடங்கிவிட்டார்கள்.

எங்கள் அலுவலகத்துக் கரெக்ஷன் ஸ்லிப் மாதிரிதான்! விதிப் புத்தகம் வந்த நாளிலிருந்தே திருத்தச் சீட்டும் வரத் தொடங்கும். ஒட்டி ஒட்டிப் புத்தகம் தலையணை கனத்துக்கு வந்துவிடும்.

எழுத்தா, நோக்கமா?

விதியைப் படிப்பதில் இரண்டு கட்சி உண்டு. எழுதியிருப்பது எழுதியபடி என்பது ஒரு கட்சி. எதற்காக எழுதினார்கள் என்று பார் என்பது மற்றொரு கட்சி.

பல சமயம் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும். நம் வழக்கில் அப்படித்தான். விழுந்து கிடப்பவனால் விலக முடியாது, தடுக்க முடியாது. பக்கத்தில் நிற்பவன் குறி பார்த்து வெட்டலாம். ஆகவே அது படுகாயம். எழுத்தும் நோக்கமும் ஒன்றாக, "செத்தான்" என்கின்றன. அதே கோப்ளின் 30 அடி தள்ளி நின்று அம்பு விட்டிருந்தால், அடி பட்டாலும் தானாகக் கிரிட்டிக்கல் ஆகாது. ஒரு தோல்விதான். 5 அடி என்று ஏன் வரையறுத்தார்கள் என்பது இப்போது புரிகிறது அல்லவா?

சில சமயம் எழுத்தும் நோக்கமும் முட்டிக்கொள்ளும். 2014-ம் ஆண்டுப் பதிப்பில் ஒரு வேடிக்கை. மாயமாக மறைந்திருப்பவனைத் தாக்குவது கடினம் என்று ஒரு விதி. மறைந்திருப்பவனைப் பார்க்கும் சக்தி தரும் மந்திரம் ஒன்றும் உண்டு. அந்த மந்திரம் போட்டவன் எதிரியை நன்றாகப் பார்க்கிறான். ஆனாலும் எழுத்தின்படி தாக்குதல் கடினமாகவே இருந்தது! கண்ணுக்குத் தெரிந்தால் அந்தக் கஷ்டம் நீங்கும் என்று விதியில் ஒரு வார்த்தைகூட இல்லை. 10 ஆண்டு வாதாடினார்கள். 2024-ம் ஆண்டுப் பதிப்பில், பார்க்க முடிந்தவனிடம் அந்த மறைவு பலிக்காது என்று சேர்த்துவிட்டார்கள்.

பத்து ஆண்டு வரை எந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் காத்திருக்கும்? ஆகவேதான் அந்தந்த இடத்தில் தீர்த்து வைக்க நடுவர் என்று ஒருவர் தேவைப்படுகிறார்.

நடுவர் பிறந்த கதை

நடுவர் இந்த விளையாட்டுக்கு மட்டும் உரியவர் அல்ல. 1824-ல் பிரஷ்ய நாட்டு ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி போர்ப் பயிற்சிக்கு ஒரு விளையாட்டை அமைத்தார். வரைபடம், காய்கள், பகடை எல்லாம் உண்டு. யாருக்கு எவ்வளவு சேதம் என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல ஒரு நடுவர் இருந்தார்.

நாளாக ஆகப் பட்டியல் பெருத்தது, ஆட்டம் நத்தை வேகத்தில் நகர்ந்தது. 1876-ல் வெர்டி து வெர்னுவா என்ற அதிகாரி வேறு வழி சொன்னார். பட்டியலை மூடிவிட்டு, அனுபவமுள்ள நடுவர் தம் அறிவைக் கொண்டு முடிவு சொல்லட்டும் என்றார்.

கண்டிப்புக் கட்சியும் தாராளக் கட்சியும் அன்றே பிறந்துவிட்டன. இன்றைய விதிப் புத்தகமும் இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. நூற்றுக்கணக்கான பக்கம் விதி எழுதிவிட்டு, இறுதி முடிவு நடுவருடையது என்கிறது. பொது விதியும் தனி விதியும் மோதினால் தனி விதியே நிற்கும் என்று வழியும் காட்டுகிறது.

அதிகாரம் நடுவரிடம்தான். ஆனால் அந்த அதிகாரத்தை எப்படிச் செலுத்துவது?

நான் கேட்ட ஒரு கேள்வி

அன்றைக்குத் திரும்புவோம். இரண்டு பக்கங்களையும் படித்துவிட்டு, "விதிப்படி இவன் சொல்வது சரி. வீரன் செத்தான்" என்று சொல்ல வாயெடுத்தேன். மராத்திப் பையன் தலை குனிந்தான். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த இன்னொரு பையன் மெதுவாக, "அங்கிள், ரெண்டு வாரத்துக்கு முன்னாடி என் ஆள் விழுந்தப்போ ஒண்ணுன்னுதான் எண்ணினோம்" என்றான்.

அண்ணன் மகனைப் பார்த்தேன். "அப்படியா?" என்று கேட்டேன்.

"ஆமா, சித்தப்பா. அப்போ எனக்கு அந்தக் கடைசிப் பக்கம் தெரியாது. போன வாரம்தான் படிச்சேன்."

"படிச்சதை இவங்ககிட்ட சொன்னியா?"

அவன் பேசவில்லை.

வைத்தியன் வேடத்தில் இருந்த பையன் தன் பங்குக்குச் சொன்னான்: "ஒண்ணுதான்னு நினைச்சுத்தான் நான் போன தடவை மருந்து கொடுக்காம சண்டைக்குப் போனேன். ரெண்டுன்னு தெரிஞ்சிருந்தா முதல்ல இவனைத்தான் எழுப்பியிருப்பேன்."

எனக்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. நான் வேலையில் சேர்ந்த புதிது. பணம் திருப்பித் தரும் விதி ஒன்று மாறியது. ஒரு கவுண்டரில் புதுச் சீட்டைக் காட்டி, ஒரு பெரியவருக்குப் பணம் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். அவர் வாசல் வரை போய்விட்டார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். அமலுக்கு வர இன்னும் மூன்று நாள் இருந்தது! ஓடிப் போய் அவரைக் கூப்பிட்டு வந்தோம்.

விதி சரியானதுதான். தேதிதான் தப்பு.

தீர்ப்பு

ஆகவே பையன்களிடம் நான் சொன்னது இதுதான்:

"புத்தகத்தின்படி இரண்டு தோல்வி. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த வீட்டில் இதுவரை ஒன்று என்று எண்ணியிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் இவர்கள் இன்று ஆடினார்கள். திருத்தச் சீட்டு வந்தது நடுவருக்கு மட்டும் தெரியும். ஆட்டக்காரர்களுக்குத் தெரியாது. தெரியாத சீட்டுக்கு ஆளைப் பலி கொடுக்கக் கூடாது. இன்றைக்குப் பழைய கணக்கு. அடுத்த ஞாயிறு முதல் புத்தகக் கணக்கு. அது எல்லோருக்கும் ஒன்றுபோல. இது என் யோசனை. முடிவு நடுவருடையது."

அண்ணன் மகன் சற்று யோசித்தான். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். புத்தகம் அவன் பக்கம் அல்லவா! பிறகு, "சரி, இரண்டு தோல்வி. உயிர் இருக்கு. உன் முறை. பகடையைப் போடு" என்றான்.

மராத்திப் பையன் பகடையை இரண்டு கைக்குள் வைத்துக் குலுக்கினான். 10 விழுந்தால் போதும். நூற்றுக்கு 55 வாய்ப்பு. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

விழுந்தது 7.

மூன்றாவது தோல்வி. வீரன் செத்தான்.

யாரும் கத்தவில்லை. யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. வைத்தியப் பையன் அவன் தோளில் கையைப் போட்டான். மராத்திப் பையன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "சலோ, கோப்ளினை முடிங்க" என்று அவனே சொன்னான். அடுத்த வாரம் புது வீரனோடு வந்து உட்கார்ந்தான்.

முடிவு மாறவில்லை. அரை மணிக்கு முன்னால் செத்ததாகச் சொன்னவன் அரை மணிக்குப் பின்னாலும் செத்துத்தான் போனான். ஆனால் முதல் சாவில் ஒரு பையன் அழுதான். நட்பு முறிகிற நிலை. இரண்டாவது சாவை அவனே ஏற்றுக்கொண்டான். பகடையில் தோற்பது மனிதனுக்குப் பொறுக்கும். தெரியாமல் மாறிய விதியில் தோற்பது பொறுக்காது.

நம் அறைகளிலும்...

இது கல்லூரிப் பையன்கள் விவகாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். வேலைக்காக ஊர் விட்டு வந்து, ஒரே அறையில் ஆறு பேர், எட்டுப் பேராக இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தாயக்கட்டம் கீறுகிறோம். எதிராளியின் காயை ஒன்றாவது வெட்டினால்தான் பழத்துக்குப் போகலாம் என்பார் ஒருவர். எங்கள் ஊரில் அப்படி இல்லை என்பார் மற்றொருவர். இருவரும் சொல்வது உண்மை. ஊருக்கு ஒரு விதி! முதல் காய் இறங்கும் முன்பே இதைப் பேசிக்கொண்டால் சண்டை இல்லை. கடைசிக் காய் பழமாகும் நேரத்தில் பேசினால் சாப்பாட்டுத் தட்டு பறக்கும்.

பையன்கள் இப்போது அட்டையில் நான்கு வரி எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்:

1. சந்தேகம் வந்தால் இரண்டு நிமிடம் புத்தகம் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் நடுவர் சொல்வதோடு ஆட்டம் தொடரும்.

2. அன்று சொன்ன முடிவை நோட்டில் எழுத வேண்டும்.

3. ஆட்டம் முடிந்த பிறகு நிதானமாகப் படித்துத் திருத்தலாம். திருத்தம் அடுத்த வாரத்திலிருந்துதான்.

4. பூதத்துக்கு ஒரு விதி, வீரனுக்கு ஒரு விதி கிடையாது.

விளையாட விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டுவிட்டார்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒரு 20 முகப் பகடையும், சில சிறு பகடைகளும், பென்சிலும் காகிதமும் போதும். காய்க்குக் கேரம் காய் இருக்கவே இருக்கிறது.

போன ஞாயிறு மறுபடி அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். உள் அறையில் கூச்சல் இல்லை. எட்டிப் பார்த்தேன். ஒரு கோப்ளின் விழுந்து கிடந்தது. அதைத் தாக்கியவன் 5 அடிக்குள் நின்றானா என்று அண்ணன் மகன் கட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மராத்திப் பையன் நோட்டைத் திறந்து, பேனாவோடு தயாராக உட்கார்ந்திருந்தான்.